நாலு அங்குலம் மேலே, நாற்பது வேலை கீழே

பழைய பிக்கப் வண்டியை நாலு அங்குலம் உயர்த்துவதற்கு அமெரிக்காவில் ஒரு பெட்டி விற்கிறார்கள். லிஃப்ட் கிட் என்று பெயர். பிரித்தால் உள்ளே வளைவு அதிகமான பட்டை ஸ்பிரிங்குகள், புது யூ போல்ட்டுகள், நீளமான நாலு ஷாக் அப்சார்பர்கள், எதற்கென்று சட்டெனப் புரியாத சில இரும்புத் துண்டுகள், ஒரு செய்முறைத் தாள், பின்கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளக் கம்பெனி ஸ்டிக்கர் எல்லாம் இருக்கும். இவற்றில் தகராறு செய்யாமல் பொருந்துவது ஸ்டிக்கர் மட்டும்தான். இந்தப் பெட்டியைப் பற்றி என் கட்சி இது: உயர வேண்டிய ஒன்றை இது உயர்த்துவதில்லை, உயரத் தேவையில்லாத எல்லாவற்றையும் உயர்த்திவிடுகிறது. அதற்குப் பிறகு வண்டிக்காரர் வாங்குகிற ஒவ்வொரு சாமானும், தொழிற்சாலையை விட்டு வரும்போதே சரியாக இருந்த ஏதோ ஒரு கோணத்தை மறுபடி சரியாக்குவதற்காகத்தான். உயரத்தைக் கண்டு எரிச்சல்படுகிறவனின் புலம்பல் என்று இதை யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. அதனால் ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொண்டு போல்ட் போல்ட்டாக வாதாடப் பார்க்கிறேன்.

வண்டி, டொயோட்டாவின் நாலு சக்கர ஓட்டமுள்ள பிக்கப். அமெரிக்கச் சந்தைக்கு 1979-இல் வந்தது. மற்ற நாடுகளில் ஹைலக்ஸ் என்று அழைக்கப்பட்டதை அமெரிக்காவில் பெயர் வைக்கும் சிரமம்கூட எடுத்துக்கொள்ளாமல் வெறுமனே பிக்கப் என்று விற்றார்கள். 1985 வரை வந்த வண்டிகளில் முன்னும் பின்னும் முழு அச்சு, நாலு மூலைக்கும் பட்டை ஸ்பிரிங். அந்த ஆண்டு வெளியான ‘பேக் டு த ஃப்யூச்சர்’ படத்தில் கதாநாயகப் பையன் வாயைப் பிளந்து பார்க்கிற கருப்பு வண்டி இந்தக் குடும்பம்தான். நாற்பது வருஷம் ஓடித் தேய்ந்த பிறகும் இதற்கு மவுசு குறையவில்லை. லிஃப்ட் கிட் போடவென்றே பிறந்த வண்டி என்று இதைச் சொல்வார்கள். முன்சக்கரம் தனித்தனியாக ஆடும் நவீன ஏற்பாடு கிடையாது, பழைய பட்டையைக் கழற்றிப் புதுப் பட்டையை மாட்டினால் வேலை முடிந்தது. ஆகவே என் கட்சிக்கு ஆகக் கடினமான சாட்சியையே கூண்டில் ஏற்றுகிறேன். இதிலேயே கிட் தோற்றால் மற்ற வண்டிகளைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

முதலில் அடிப்படைக் கணக்கு. சக்கரம் அச்சில் மாட்டியிருக்கிறது. அச்சின் மேல் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிறது. ஸ்பிரிங்கின் மேல் சேஸிஸ். வண்டியின் வயிற்றில் ஆகத் தாழ்ந்த பாகம் அச்சின் நடுவே பூசணிக்காய் மாதிரி உப்பியிருக்கும் டிஃபரன்ஷியல் கூடு. மலைப்பாதையில் பாறை முதலில் முட்டுவது அதைத்தான். இப்போது நாலு அங்குலம் கூடுதலான ஸ்பிரிங்கைப் போடுங்கள். சேஸிஸ், இன்ஜின், கேபின், பெட்ரோல் டேங்க், ஓட்டுகிறவர், அவர் கையிலிருக்கும் காபி எல்லாம் நாலு அங்குலம் மேலே போகின்றன. டிஃபரன்ஷியல் கூடு மட்டும் எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கிறது. தரைக்கும் அதற்கும் நடுவே நேற்று எட்டு அங்குலம் என்றால் இன்றும் எட்டுதான். பாறைக்கு விஷயமே தெரியாது. அந்தக் கூட்டைத் தரையிலிருந்து உயர்த்தக்கூடியது பெரிய டயர் ஒன்றுதான். அதுவும் விட்டத்தில் கூடுவதில் பாதியைத்தான் கொடுக்கும். 28 அங்குல டயரை எடுத்துவிட்டு 33 அங்குல டயர் போட்டால், ஐந்து அங்குலத்துக்குக் காசு கொடுத்து இரண்டரை அங்குலத்தை வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். அப்படியானால் கிட்டின் வேலை என்ன? அந்தப் பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் சுற்றுவதற்கு இடம் பண்ணிக் கொடுப்பது. அதே இடத்தை மட்கார்டை அறுத்தும் பண்ணலாம். கற்பாறையிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். செலவு ஒரு ரம்பத் தகடு. ஆனால் அறுத்த மட்கார்டை ஊருக்குள் காட்டிக்கொண்டு திரிய முடியாது என்பதால் அந்த வழி பிரபலமாகவில்லை.

டயர் வந்ததும் அடுத்த பாட்டு ஆரம்பிக்கிறது. 81-ஆம் ஆண்டு முதல் இந்த வண்டியில் வந்த 22ஆர் இன்ஜின் 2.4 லிட்டர் கொள்ளளவு, நூறு குதிரைத் திறனைத் தொட்டும் தொடாத ஆள். சாகாத இன்ஜின் என்று பெயர் எடுத்தது. வேகமான இன்ஜின் என்று அதன் விசுவாசிகள்கூடச் சொன்னதில்லை. அச்சின் கியர் விகிதம் 4.10. சக்கரம் 28-லிருந்து 33 ஆனால் ஒரு சுற்றுக்கு வண்டி நகரும் தூரம் சுமார் 18 சதவீதம் கூடுகிறது. இன்ஜினைப் பொறுத்தவரை அச்சின் கியரை யாரோ 3.48-க்கு மாற்றிவிட்ட மாதிரி. சமதரையில் ஐந்தாவது கியர் அலங்காரப் பொருளாகிவிடும். மேட்டைக் கண்டால் நாலாவதும் யோசிக்கும். இதற்கு மருந்து, அச்சுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கர ஜோடியை மாற்றுவது. கணக்குப் போட்டால் 4.83 வேண்டும், கடையில் கிடைப்பது 4.88. ஒரு அச்சில் மட்டும் மாற்றிவிட்டு இன்னொன்றை அடுத்த சம்பளத்துக்குத் தள்ளிப்போட முடியாது. முன்னும் பின்னும் வேறு வேறு விகிதத்தில் இருந்தால், நாலு சக்கர ஓட்டத்தைப் போட்ட நிமிஷமே இரண்டு அச்சும் ஒன்றையொன்று இழுத்துச் சண்டை போட ஆரம்பிக்கும். ஆக, இரண்டு ஜோடி கிரவுன் பினியன். பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு என்ற கணக்கில் வைக்கத் தெரிந்த மெக்கானிக்கின் கூலி தனி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்கிற கதைதான். இவ்வளவும் முடிந்த பிறகு கிடைப்பது என்ன? அந்த வண்டி ஷோரூமை விட்டு வந்த அன்று எவ்வளவு இழுத்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவு இழுக்கும். தன்னிடமிருந்த ஒன்றையே திரும்ப விலைக்கு வாங்கிய மகிழ்ச்சியில் வண்டிக்காரர் நெடுஞ்சாலைக்குக் கிளம்புவார்.

கியரை மாற்றாமல் கிளம்பியவருக்கு, நெடுஞ்சாலையில் ஸ்பீடோமீட்டர் 60 மைல் காட்டும்போது வண்டி 70-ஐத் தாண்டியிருக்கும். ஸ்பீடோமீட்டர் சக்கரத்தைப் பார்ப்பதில்லை. இரண்டு அச்சுக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கத் தண்டு எத்தனை சுற்று சுற்றியது என்பதைத்தான் அது எண்ணுகிறது. டயர் பெருத்த சேதி அதற்கு யாரும் சொல்லவில்லை. கியரை 4.88-க்கு மாற்றியதும் கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். அதை மாற்றாமல் டயரை மட்டும் மாட்டியவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. ஓடிய தூரமும் நூறு மைலுக்கு எண்பத்தைந்து என்றே பதிவாகும். இதில் லாபம் பார்ப்பவர் ஒருவர் உண்டு: வண்டியை விற்கிறவர்.

இனி கோணங்கள். இங்கேதான் விஷயம் உண்மையிலேயே சுவாரஸ்யமானது. லிஃப்ட் கிட்டை வெறுக்கிற எனக்கே இந்தப் பகுதியில் அதன்மேல் ஒரு பிரியம் வந்துவிடுகிறது. அச்சுக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் இரு முனையிலும் கிராஸ் ஜாயிண்ட் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் ஆராய்ந்து எழுதிய, அவர் பெயராலேயே அழைக்கப்படுகிற இணைப்பு. அதற்கு ஒரு குணம்: கோணத்தில் வளைந்து சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. உள்ளே வரும் சுற்று சீராக இருந்தாலும், வெளியே போகும் சுற்று ஒரு முழுச் சுற்றுக்குள் இரண்டு தரம் வேகம் கூடி, இரண்டு தரம் குறையும். கோணம் கூடக் கூட இந்த ஆட்டம் கூடும். ஒரு முனையில் வரும் ஆட்டத்தை மறுமுனையின் ஜாயிண்ட் எதிர் ஆட்டம் ஆடி அடக்கிவிடும். இரண்டு கோணமும் சமமாக இருந்தால்தான் அது நடக்கும். தொழிற்சாலையில் அதைச் சமமாக வைத்துத்தான் அனுப்பினார்கள். சேஸிஸை நாலு அங்குலம் தூக்கியதும் ஷாஃப்ட் அதிகமாகச் சாய்கிறது, கோணங்கள் பெருகுகின்றன. பட்டையின் வளைவும், அதன் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷாக்கிளின் நிலையும் மாறுவதால் அச்சும் கொஞ்சம் திரும்பிக்கொள்ள, சமமும் போய்விடுகிறது. வண்டி 40 மைல் வேகத்தில் உறுமும். 50-இல் இருக்கை நடுங்கும். ஓட்டுகிறவர் ரேடியோவைக் கூட்டுவார். பிறகு பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் ஆப்பு வடிவத் தகடுகளைச் செருகி, பினியனின் மூக்கைப் பழைய திசைக்குத் திருப்ப வேண்டும். ஷாஃப்ட்டின் நீளம் போதாமல் நழுவும் முனை வெளியே வந்துவிட்டால் அதற்குக் கட்டை வைத்து நீட்ட வேண்டும். தொழிற்சாலை இலவசமாகக் கொடுத்த கோணத்தைத் தகடு தகடாக விலைக்கு வாங்கும் வேலை இது.

ஸ்டியரிங்கின் கதை இதைவிட அழகு. இந்த டொயோட்டாவில் ஸ்டியரிங் பெட்டியிலிருந்து புறப்படும் கம்பி, சேஸிஸின் ஓரமாக முன்பின்னாக ஓடி இடது சக்கரத்தின் கையைத் தள்ளியும் இழுத்தும் திருப்புகிறது. சேஸிஸ் பழைய உயரத்தில் இருந்தவரை கம்பி ஏறக்குறையப் படுத்திருந்தது. அச்சு மேலும் கீழும் போனாலும் கம்பியின் நீட்டம் அவ்வளவாக மாறவில்லை. வண்டியைத் தூக்கியதும் கம்பி சரிந்து நிற்கிறது. இனி சாலையில் ஒரு குழி வந்தால் அச்சு எழும்பும், கம்பி தள்ளும், சக்கரம் தானாகத் திரும்பும். ஓட்டுகிறவர் நேராகத்தான் பிடித்திருக்கிறார்; சாலைதான் வண்டியை ஓட்டுகிறது. இதற்கு விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் நிரந்தர வைத்தியம், கம்பியைக் குறுக்காக ஓடவைக்கும் வேறு வகை ஸ்டியரிங்குக்கு மாறுவது. அதற்கான பெட்டியை எங்கிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? 1986 முதல் வந்த, முன்சக்கரங்கள் தனித்தனியாக ஆடும் டொயோட்டாவிலிருந்து. முழு அச்சுப் பக்தர்கள் அந்தப் புது ஏற்பாட்டைப் பற்றிப் பேசும்போது குலம் கெட்டுப்போன மாதிரி பேசுவார்கள். கடைசியில் தங்கள் வண்டி நேராக ஓட வேண்டுமென்றால், காயலான் கடையில் அதே வண்டியின் முன்னால் போய்க் கைகட்டி நிற்கிறார்கள்.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது சிரிக்கிற விஷயம் இல்லை. பிரேக் குழாய் நீளம் போதாவிட்டால், அச்சு முழுதாகத் தொங்கும்போது குழாய் இழுபட்டு அறுந்துபோகும். அதை நீட்டியே ஆக வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. அந்தக் காலத்து டொயோட்டா பிக்கப்கள் பலவற்றில், பின் அச்சிலிருந்து ஒரு சின்னக் கம்பி மேலே போய், சேஸிஸில் உள்ள ஒரு வால்வைப் பிடித்திருக்கும். பின்னால் சுமை ஏறினால் சேஸிஸ் இறங்கும், கம்பி சேதி சொல்லும், வால்வு பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். அருமையான யோசனை. வண்டியை நாலு அங்குலம் தூக்கினால் வால்வுக்குக் கிடைக்கும் சேதி, பின்னால் சுமையே இல்லை, இறகு மாதிரி காலியாக இருக்கிறது என்பது. அது உடனே பின்பிரேக்கின் அழுத்தத்தைக் குறைத்துவிடும். கனமான பெரிய டயரை நிறுத்த பிரேக் கூடுதலாக வேண்டிய அதே நாளில் பின்பிரேக் அரை விடுப்பில் போகிறது. அச்சில் அந்தக் கம்பியைப் பிடிக்கும் தாங்கியை உயர்த்தி வைத்தால் தீர்ந்தது; அந்தத் தாங்கி பெரும்பாலும் பெட்டிக்குள் இருக்காது.

இதுவரை பொருத்திய பிறகு வரும் தொல்லைகள். பொருத்துவதற்கு முன்னால் துரு நிற்கிறது. செய்முறைத் தாளில் ‘பழைய ஸ்பிரிங்கைக் கழற்றவும்’ என்று ஒரே வரியில் இருக்கும். மிச்சிகன், ஒஹாயோ பக்கத்து வண்டியென்றால், பனிக்காலந்தோறும் சாலையில் கொட்டும் உப்பு நாற்பது வருஷம் அதன் அடிவயிற்றைத் தின்றிருக்கிறது. பட்டையின் காதுக்குள் ரப்பர் புஷ், புஷ்ஷுக்குள் மெல்லிய இரும்புக் குழல், குழலுக்குள் போல்ட். நட்டு பெரும்பாலும் மரியாதையாகக் கழன்றுவிடும். ஏமாறுகிற இடம் அதுதான். போல்ட்டைத் திருப்பினால் திரும்பும். விட்டால், பின்னுக்குச் சுற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே வரும். போல்ட்டும் குழலும் துருவால் ஒரே துண்டாகிவிட்டன, திரும்புவது ரப்பர். துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஒரு இரவு ஊறவைப்பார்கள். ஸ்பேனரின் வாலில் நீளக் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்குவார்கள். போல்ட்டின் தலை வட்டமாகும். சுத்தியல் வரும். பிறகு கேஸ் அடுப்பு போன்ற நெருப்புக் குழல். ரப்பர் எரிந்து கரும்புகை, தெருவே கதவைச் சாத்தும். கடைசியில் கிரைண்டரை எடுத்துப் போல்ட்டையும் குழலையும் சேர்த்து இரண்டு பக்கமும் அறுப்பார்கள். இப்படி ஒரு பட்டைக்கு இரண்டு முனை, வண்டிக்கு நாலு பட்டை. ஷாக்கிளுக்கு மேல்முனை வேறு இருக்கிறது. ஒரு சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று சொல்கிறவர்கள் அரிசோனா மாதிரி வறண்ட ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும்.

எதிர்க்கட்சி இவ்வளவு நேரம் சும்மா இருக்காது. அவர்களுடைய ஆகப் பலமான வாதம்: டிஃபரன்ஷியல் மட்டும்தான் இடிக்குமா? பாறை மேட்டின் உச்சியைத் தாண்டும்போது இரண்டு அச்சுக்கும் நடுவே வயிறு உட்கார்ந்துகொள்கிறதே, ஏறும்போது முன்பம்பரும் இறங்கும்போது பின்பம்பரும் மோதுகின்றனவே, அங்கெல்லாம் கிட் உதவுகிறது இல்லையா? உதவுகிறது. இதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் தடம் என்று ஒன்று இருக்கிறது. யூட்டாவின் மோவாப் ஊரைச் சுற்றிச் செம்பாறைத் தடங்கள் இருக்கின்றன. அங்கே போகிறவருக்குச் சேஸிஸின் உயரம் பயன்படும். ஆனால் அங்கே உண்மையில் வண்டி நிற்பது எதனால் என்று பாருங்கள். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது சாதாரண டிஃபரன்ஷியல் இன்ஜினின் முயற்சியெல்லாவற்றையும் அந்தத் தொங்கும் சக்கரத்துக்கே வார்த்துவிடுகிறது. தரையில் கால் ஊன்றிய சக்கரம் வேடிக்கை பார்க்கிறது. இரண்டு சக்கரத்தையும் பூட்டும் லாக்கர் போட்ட வண்டி, உயரம் ஒன்றும் கூட்டாமலேயே அங்கிருந்து கிளம்பிவிடும். டயரில் காற்றை இறக்கினால் ரப்பர் பாறையைக் கவ்விப் பிடிக்கும். அதற்குச் செலவே இல்லை, திரும்பி வந்து காற்றடிக்கும் நேரம்தான். லாக்கர் அச்சுக்குள் ஒளிந்திருப்பதும், இறங்கிய காற்று கண்ணுக்குத் தெரியாததும்தான் இந்த இரண்டின் குறை. வாகன நிறுத்தத்தில் யாரும் குனிந்து பார்த்துப் பாராட்ட மாட்டார்கள்.

புது ரக வண்டி வைத்திருப்பவர், இதெல்லாம் பழைய முழு அச்சின் கோளாறு, என் 1986 மாடலுக்குப் பொருந்தாது என்பார். அவருக்கு நிலைமை இன்னும் வேடிக்கை. தனித்தனியாக ஆடும் முன்சக்கரத்தில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு கட்டப்பட்டிருக்கிறது. சேஸிஸ் உயர்ந்தால் அதுவும் உயரும். கடைசியில் ஒரு வண்டியிலாவது உயர வேண்டியது உயர்ந்தது என்று நாம் நிம்மதிப் பெருமூச்சு விடும்போது, சக்கரத்துக்குப் போகும் அரைத் தண்டுகளின் கோணம் தாங்காது என்று தெரியவரும். எனவே நாலு அங்குலக் கிட்டில் பெரிய இரும்புத் தாங்கிகள் கொடுத்து, சக்கரத்தைத் தாங்கும் கைகளின் பிடிமானத்தையும் டிஃபரன்ஷியலையும் சேஸிஸிலிருந்து கீழே இறக்கிக் கட்டச் சொல்கிறார்கள். வண்டியை மேலே தூக்கி, டிஃபரன்ஷியலை அதே அளவு கீழே இறக்கி, அது பழைய உயரத்திலேயே வந்து நிற்க, நடுவில் புதிதாக ஒரு குறுக்குச் சட்டம் பாறையை வரவேற்கத் தயாராக இருக்கும்.

ஸ்பிரிங்கே வேண்டாம், சேஸிஸுக்கும் கேபினுக்கும் நடுவே உருண்டைக் கட்டைகளை வைத்து உடம்பை மட்டும் தூக்கலாமே என்பது சிக்கனக்காரர் வாதம். கோணங்கள் கெடாது என்பது உண்மை. ஆனால் ரேடியேட்டர் கேபினோடு மேலே போய்விட, விசிறி இன்ஜினோடு கீழே நின்றுவிட, விசிறிக் கூண்டின் கீழ்விளிம்பில் அது உரசும். பம்பர் பழைய இடத்தில் தனித்துத் தொங்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே எதிர்ச் சாலை தெரியும். பின்னால் மட்டும் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைப்பதும் மலிவான வழிதான்; உயரம் அதிகமானால் அச்சு முறுக்கிக்கொள்ள வசதியாகும். ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டை அடுக்குவதும், முன் அச்சில் கட்டை வைப்பதும் மட்டும் நகைச்சுவைக் கட்டுரையில் இடம்பெறத் தகுதியற்றவை. ஸ்டியரிங்கும் பிரேக்கும் சேர்ந்து இழுக்கிற அச்சில் ஒரு கட்டை நழுவினால் அது வேறு பக்கத்துச் செய்தியாகிவிடும்.

ஒன்று மாற்றினால் அடுத்தது உடையும் என்ற என் வாதத்துக்கு வரலாற்றிலேயே ஒரு சாட்சி உண்டு. மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் பக்கத்தில் பாப் சாண்ட்லர் என்பவர் நாலு சக்கர வண்டிகளுக்கு உதிரிபாகக் கடை வைத்திருந்தார். தம் 1974 ஃபோர்டு எஃப்-250 பிக்கப்பை முரட்டுத்தனமாக ஓட்டி உடைப்பார்; உடைந்த பாகத்துக்குப் பதில் பலமானதைப் போடுவார்; பலமான பாகத்துக்கு ஏற்ற பெரிய டயர் போடுவார்; பெரிய டயர் அடுத்த பாகத்தை உடைக்கும். ஆக்சிலேட்டரில் அவர் வைக்கும் கனத்த காலைக் கிண்டல் பண்ணி வைத்த பெயர்தான் பிக்ஃபுட். டயர் 48 அங்குலமானது, பிறகு 66. ராணுவ லாரியின் அச்சுகள் வந்தன. 1981-இல் வயலில் நிறுத்திய பழைய கார்கள்மேல் ஏறி நசுக்கிக் காட்டினார். மான்ஸ்டர் டிரக் என்ற தொழிலே பிறந்தது. இந்தச் சங்கிலியால் பணக்காரரானவர் அதன் கடைசியில் வாங்குபவராக இல்லாமல், உதிரிபாகம் விற்பவராக இருந்தார் என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

உயரத்தில் உட்கார்ந்தால் சாலை நன்றாகத் தெரியும், பத்திரம் என்பார்கள். தூரத்துச் சாலை நன்றாகத் தெரியும். முன்பம்பருக்கு முன்னால் நிற்கும் குழந்தை தெரியாது. பத்திரத்துக்கு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் ஒரு எளிய சூத்திரம் இருக்கிறது. இரு பக்கச் சக்கரங்களுக்கு நடுவே உள்ள அகலத்தை, எடைமையத்தின் உயரத்தைப் போல் இரு மடங்கால் வகுக்க வேண்டும். விடை குறையக் குறைய வண்டி கவிழும் வாய்ப்பு கூடும். 2001 மாடல்களிலிருந்து கவிழ்வதற்கான நட்சத்திர மதிப்பீட்டுக்கு இதைப் பயன்படுத்தினார்கள். பேச்சுக்கு, அகலம் 56 அங்குலம், எடைமையம் 28 என்றால் விடை ஒன்று. ஸ்பிரிங்கும் டயரும் சேர்ந்து எடைமையத்தை ஐந்து அங்குலம் தூக்கிவிட்டால் 0.85-க்கு வந்துவிடும். அகலமான ரிம் போட்டுச் சரிக்கட்டலாம். அப்புறம் சக்கர பேரிங் தன் பங்குக்கு மனு கொடுக்கும். அரசாங்கங்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். கலிஃபோர்னியாவில் லாரி வகை வண்டியின் சேஸிஸ் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது: மொத்த எடைத் தகுதி 4500 பவுண்டு வரை 27 அங்குலம், அதற்கு மேல் 7500 வரை 30. இன்னும் விசித்திரமான ஒரு நாகரிகமும் வந்தது. முன்பக்கத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைத் தாழ்த்தி, வண்டி வானத்தைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி ஓட்டுவது. கரோலினா ஸ்குவாட் என்று பெயர். ஓட்டுகிறவருக்குச் சாலையைத் தவிர மற்ற கிரகங்கள் நன்றாகத் தெரியும். முன் மட்கார்டு பின் மட்கார்டைவிட நாலு அங்குலம் உயர்ந்திருந்தால் குற்றம் என்று வட கரோலினா 2021-இல் சட்டம் போட்டது. வர்ஜீனியாவும் தென் கரோலினாவும் அடுத்தடுத்துத் தடை செய்தன. லிஃப்ட் கிட்டை நாலு மூலைக்கும் சமமாகப் போடுவதே நிதானம் என்று என்னையே சொல்லவைத்த நாகரிகம் அது.

கடைசியாக ஒரு எதிர்வாதம் மிச்சம். எனக்குப் பதில் தெரியாத வாதம். பார்க்க நன்றாக இருக்கிறது, அதற்காகத்தான் போடுகிறேன் என்கிறவர். அவரோடு நான் மல்லுக்கு நிற்கவில்லை. பெரிய டயரில் நிமிர்ந்து நிற்கும் 1985 டொயோட்டா உண்மையிலேயே கம்பீரமாக இருக்கிறது. என் வழக்கெல்லாம் மலைப்பாதையைச் சாக்காகச் சொல்லிவிட்டு, மளிகைக் கடை வாசலில் மட்டும் நாலு சக்கர ஓட்டத்தைப் போடுகிறவரோடுதான். நிஜமாகவே பாறைக்குப் போகிறவருக்கு என் சிபாரிசு சிறியது: இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேலான ஸ்பிரிங், 31 அங்குல டயர், மிச்சப் பணத்தில் பின் அச்சுக்கு ஒரு லாக்கர். கோணங்கள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். 22ஆர் முணுமுணுக்குமே தவிர அழாது.

எதையும் கேட்காமல் நாலு அங்குலமே போடப் போகிறவருக்கும் சில வார்த்தை. பழைய யூ போல்ட்டைத் திரும்ப மாட்டாதீர்கள். ஒரு தரம் இறுக்கி நீண்டது மறுபடி அதே பிடி பிடிக்காது. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை ஜாக்கியில் தொங்கும்போது இறுக்காதீர்கள். சக்கரம் தரையில் நின்று வண்டியின் எடை முழுதும் ஸ்பிரிங்கில் இறங்கிய பிறகு இறுக்குங்கள், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே காலம் தள்ளிக் கிழியும். சில நூறு மைல் ஓடிய பின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். எல்லாம் முடிந்ததும் ஹெட்லைட்டைக் கீழே இறக்கி வையுங்கள். எதிரே வருகிறவர் எந்தக் கிட்டும் வாங்கவில்லை.